சொல்லின் தடம் – 9: கொடுத்து வாங்கிய ஈட்டி

கி.மு. 400ஆம் ஆண்டு. கருங்கடலுக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் ஓர் ஆறு. இக்கரையில் நிற்பது, ‘பத்தாயிரவர்’ என்று வரலாறு பெயர் வைத்த கிரேக்கக் கூலிப்படை. பாரசீக அரியணைக்கு ஆசைப்பட்ட இளவரசன் சைரஸின் பின்னால் பாபிலோனை நெருங்கும் வரை போனவர்கள். அவன் களத்தில் விழுந்ததும் ஊர் திரும்ப வழி தேடி, ஆர்மீனியப் பனியில் பலரைப் பலி கொடுத்துவிட்டு நடந்து வந்திருக்கிறார்கள். ஒரு மலையுச்சியிலிருந்து தொலைவில் கடலைக் கண்டு ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதது சற்று முன்புதான்.

அக்கரையில் மாக்ரோன்கள் என்ற மலைமக்கள் வரிசை கட்டி நிற்கிறார்கள். கையில் பிரம்பு முடைந்த கேடயமும் ஈட்டியும், உடம்பில் மயிரால் நெய்த அங்கி. கற்களை எடுத்து எறிகிறார்கள். கற்கள் ஆற்றுக்குள் விழுகின்றன, இக்கரையை எட்டவில்லை. ஆனாலும் ஆற்றில் இறங்கினால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்போது படையிலிருந்து ஒரு சாதாரணச் சிப்பாய் தளபதி செனஃபோனிடம் வந்தான். ஏதென்ஸில் அடிமையாக இருந்தவன். எதிரில் நிற்பவர்களின் பேச்சு தனக்குப் புரிகிறது என்றும், இது தன் சொந்த மண்ணாக இருக்கும் என்று நினைப்பதாகவும் சொன்னான். அவனையே பேசச் சொன்னார்கள். ஏன் எங்களை எதிர்க்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நீங்கள்தானே எங்கள் நாட்டுக்குள் வருகிறீர்கள் என்று பதில் வந்தது. கெடுதல் செய்ய வரவில்லை, கடலுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான் என்று கிரேக்கர்கள் சொல்லியனுப்பினார்கள். அதற்குப் பிணை தருவீர்களா என்றார்கள் மாக்ரோன்கள். தருவோம், உங்களிடமிருந்தும் பெறுவோம் என்பது கிரேக்கர்களின் மறுமொழி. மாக்ரோன்கள் தங்கள் ஈட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். கிரேக்கர்கள் தங்கள் ஈட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். இரு தரப்பும் தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்தன.

அடுத்து நடந்ததை, அந்தக் கரையில் நின்ற செனஃபோனே எழுதிவைத்திருக்கிறார். கல்லெறிந்த அதே மனிதர்கள் கிரேக்கர்களோடு கலந்து நின்று மரங்களை வெட்டிப் பாதை போட்டார்கள். தங்களால் முடிந்த அளவுக்கு உணவுப் பொருள்களை விற்றார்கள். மூன்று நாள் கூடவே நடந்து, அடுத்த நாட்டின் எல்லை வரை கொண்டுவந்து விட்டார்கள்.

சென்ற பகுதியில் ‘க்ஸெனியா’ என்ற விருந்தோம்பல் அறத்தைப் பார்த்தோம். வீட்டு வாசலில் நிற்கும் அந்நியனுக்கானது அது. ஆற்றின் அக்கரையில் ஆயுதத்தோடு நிற்கும் அந்நியனுக்கு வேறொரு சொல் தேவைப்பட்டது. அந்தச் சொல் ‘பிஸ்டிஸ்’. அன்று கைமாறிய இரண்டு ஈட்டிகளுக்குச் செனஃபோன் இட்ட பெயரும் அதே வேரில் பிறந்ததுதான்.

பிஸ்டிஸைத் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடைக்க முடியவில்லை. நம்பிக்கை என்று பெயர்த்தால் பாதிதான் வருகிறது. நம்பிக்கை நம்புகிறவனின் நெஞ்சுக்குள் இருப்பது. கிரேக்கனுக்கோ, ஒருவன்மேல் நான் வைக்கும் நம்பிக்கையும் பிஸ்டிஸ், அவனிடம் உள்ள நம்பகமும் பிஸ்டிஸ். அதற்காக அவன் கொடுக்கும் பிணையும், வழக்குமன்றத்தில் காட்டும் சான்றும், கடைத்தெருவில் வணிகனுக்கு இருக்கும் நாணயமும் பிஸ்டிஸ்தான். வினைச்சொல் ‘பெய்தோ’. பிறவினையாகச் சொன்னால் இணங்கவைப்பது, தன்வினையாகச் சொன்னால் இணங்குவது. பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே வேரின் இரண்டு பக்கங்களில் நிற்கிறார்கள். அந்த இணங்கவைத்தலுக்கே பெய்தோ என்ற பெயரில் ஒரு பெண் தெய்வத்தை ஏதென்ஸ் வழிபட்டது.

இந்தச் சொல்லோடு கிரேக்கர்கள் சேர்த்துச் சொன்ன வினைகளைக் கவனித்தால்தான் அதன் உள்ளியல்பு பிடிபடும். பிஸ்டிஸைக் ‘கொடுத்தார்கள்’, ‘வாங்கினார்கள்’. நம் ஊரில் கொடுக்கல் வாங்கல் என்கிறோமே, அதே மாதிரி. கொடுக்கவும் வாங்கவும் வேண்டுமென்றால் அது கையில் பிடிக்கக்கூடிய ஒன்றாக இருக்கவேண்டும். ஈட்டி, மோதிரம், பிணைக்கு அனுப்பிய மகன், நீட்டிய வலது கை, பலியாட்டின் இரத்தம் என்று ஏதோ ஒரு பொருளோ செயலோ இரண்டு பேருக்கு நடுவில் நின்றாக வேண்டும். ஹோமரின் காவியங்களில் பிஸ்டிஸ் என்ற பெயர்ச்சொல் இன்னும் வரவில்லை. ஆனால் நம்பத்தக்கது என்னும் அதன் உரிச்சொல், தோழர்களுக்கும் சத்தியங்களுக்கும் அடைமொழியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. பெயர்ச்சொல் நமக்கு முதலில் கிடைப்பது கவிஞர் ஹெசியடிடம். அண்ணன் தம்பி பங்குச் சண்டையில் அடிபட்ட உழவர் அவர். கூடப்பிறந்தவனோடு ஒப்பந்தம் என்றாலும் சிரித்த முகத்தோடு ஒரு சாட்சியையும் கூட்டிக்கொண்டு போ என்பது அவருடைய அறிவுரை. நம்பியும் கெட்டார்கள், நம்பாமலும் கெட்டார்கள் என்று அவர் கண்டிருந்தார்.

ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்தில் ஒரு கல் இருக்கிறது. கி.மு. 403ஆம் ஆண்டையொட்டிச் செதுக்கியது. ஏதென்ஸின் தெய்வம் அதீனாவும் சாமோஸ் தீவின் தெய்வம் ஹெராவும் எதிரெதிரே நின்று வலது கையைப் பற்றிக்கொண்டிருக்கிறார்கள். கீழே ஏதென்ஸ் மக்களவையின் தீர்மானங்கள். கி.மு. 405இல் ஈகோஸ்பொட்டமி என்ற இடத்தில் ஏதென்ஸ் தன் கப்பற்படையை இழந்தது. கூட்டாளி நகரங்கள் ஒவ்வொன்றாக ஸ்பார்ட்டா பக்கம் சாய்ந்தன. சாமோஸ் மட்டும் சாயவில்லை. இனிக் கொடுக்க ஏதென்ஸிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆகவே சாமோஸ் மக்கள் எல்லோரையும் ஏதென்ஸ் குடிமக்களாகவே ஆக்கிவிட்டார்கள். தோற்ற நகரம் கொடுத்த அந்தக் கையும், தோற்ற நகரத்தை விடாத அந்தக் கையும்தான் கல்லில் இருப்பவை. பிஸ்டிஸ் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது இந்தக் கல்லைத்தான்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆற்றங்கரையில் ஈட்டி மாற்றிக்கொண்ட அதே கிரேக்கர்களுக்குச் சில மாதங்களுக்கு முன்னால் என்ன நடந்தது?

சைரஸ் இறந்த பின், பாரசீக மன்னரின் ஆளுநர் திஸ்ஸஃபெர்னீஸ் அவர்களிடம் வந்து உடன்பாடு பேசினார். ஒழுங்காக ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்போம், வழியில் உணவு வாங்கிக்கொள்ளச் சந்தை தருவோம் என்றார். ஊர்களைச் சூறையாடாமல் நண்பர்களாகக் கடந்துபோவோம் என்று கிரேக்கர்கள் பதிலுக்குச் சொன்னார்கள். இரு தரப்பும் சத்தியம் செய்தன. வலது கை கொடுத்தன. முறைப்படி எதுவும் குறையவில்லை. இருந்தும் நாள் ஆக ஆக இரண்டு முகாம்களுக்கும் நடுவில் சந்தேகம் வளர்ந்தது. டைகிரிஸின் துணையாறான பெரிய ஸாப் ஆற்றங்கரையில் தங்கியிருந்தபோது, கிரேக்கத் தளபதி கிளியர்கஸ் திஸ்ஸஃபெர்னீஸை நேரில் பார்த்து மனம்விட்டுப் பேசினார். சத்தியத்தை முறித்தவன் தெய்வங்களின் கண்ணிலிருந்து எங்கே ஓடி ஒளிய முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். திஸ்ஸஃபெர்னீஸ் அன்போடு பேசி, அன்றிரவு விருந்துக்கு இருக்கச் சொல்லி உபசரித்தார்.

மறுநாள் மற்றத் தளபதிகளையும் அழைத்துக்கொண்டு போகவேண்டும் என்று கிளியர்கஸ் வற்புறுத்தினார். வேண்டாம் என்று சிப்பாய்களில் சிலர் மறித்தார்கள். அவர் விடவில்லை. ஐந்து தளபதிகளும் இருபது தலைவர்களும் போனார்கள். சந்தைக்குப் போவதுபோல் ஏறத்தாழ 200 சிப்பாய்களும் பின்னால் போனார்கள். தளபதிகள் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். தலைவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். ஒரே அடையாளத்தில் உள்ளே இருந்தவர்களைப் பிடித்தார்கள், வெளியே நின்றவர்களை வெட்டினார்கள். ஆர்க்காடியாக்காரர் ஒருவர் வயிற்றில் வெட்டுப்பட்டு, சரிந்த குடலைக் கையில் தாங்கிக்கொண்டு ஓடிவந்து சொன்ன பிறகுதான் முகாமுக்குச் சேதி தெரிந்தது.

கிளியர்கஸை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சத்தியம், வலது கை, விருந்து என்று ஒரு கிரேக்கன் எதிர்பார்க்கக்கூடிய எல்லாமே அவருக்குக் கிடைத்திருந்தன. முறித்தவனை இழுத்துவந்து நிறுத்த இரண்டு நாடுகளுக்கும் பொதுவான வழக்குமன்றம் அன்று கிடையாது. தெய்வங்கள் மட்டுமே பிணை. இதில் என்னை வியக்கவைப்பது, இத்தனையும் பட்ட அதே படை, முகம் தெரியாத மலைமக்களிடம் மறுபடி ஓர் ஈட்டியை நீட்டியதுதான். நீட்டாவிட்டால் அந்த ஆற்றிலேயே பல நூறு பேர் செத்திருப்பார்கள்.

பிஸ்டிஸ் செத்துப்போன காலங்களையும் கிரேக்கர்கள் பதிந்து வைத்திருக்கிறார்கள். கி.மு. 427இல் கோர்சைரா தீவில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. அதைப் பற்றி வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதிய பக்கங்களில், கூட்டாளிகளைப் பிணைத்தது தெய்வச் சட்டம் இல்லை, சேர்ந்து செய்த குற்றம்தான் என்று வருகிறது. சமாதானச் சத்தியங்கள் வேறு வழியில்லாத வரைக்கும்தான் நின்றனவாம். சண்டையில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைவிட, சொல்லுக்கு மதிப்புப் போனது அவரை ஆழமாகப் பாதித்திருக்கிறது.

கடைத்தெருவுக்கு வருவோம். ஏதென்ஸில் வங்கி என்பது ஒரு மேசை. ‘டிராபெஸா’ என்றால் மேசை. இன்றும் கிரேக்கத்தில் வங்கிக்கு அதுதான் பெயர். அந்த மேசைகளில் புகழ்பெற்றது பாசியன் என்பவருடையது. அடிமையாக வந்து, முதலாளிகளின் மேசையில் கணக்குப் பார்த்து, விடுதலை பெற்று, மேசைக்கே உரிமையாளராகி, கடைசியில் ஏதென்ஸின் குடியுரிமையும் பெற்றவர். அவருக்குப் பின் மேசையை நடத்திய ஃபோர்மியோனும் அவரிடமே அடிமையாக இருந்தவர்தான். வங்கியாரிடம் பணம் போடும்போது சாட்சி வைக்கும் பழக்கம் இல்லை என்று ஐசோக்ரட்டீஸ் எழுதிக்கொடுத்த ஒரு வழக்குரையிலிருந்து தெரிகிறது. அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர் பாசியன்தான்; போட்ட பணத்தையே இல்லை என்கிறார் என்று கருங்கடல் பகுதியிலிருந்து வந்த ஓர் இளைஞன் வழக்குப் போட்டிருந்தான். பின்னாளில் ஃபோர்மியோனுக்காக எழுதிய உரையில், தொழிலுக்குப் பணத்தைவிடப் பெரிய முதல் பிஸ்டிஸ்தான் என்று டெமாஸ்தனீஸ் அடித்துச் சொல்கிறார். இங்கே பிஸ்டிஸை நாணயம் என்றே பெயர்க்கலாம். காசுக்கும் நேர்மைக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்ட தமிழருக்கு இந்த இடம் விளக்கம் இல்லாமலே புரியும். இன்றைய கிரேக்க மொழியில் கடன் அட்டைக்கு உள்ள பெயரும் இதே வேரிலிருந்துதான்.

தத்துவவாதிகளிடம் இந்தச் சொல் வேறு வேலை செய்தது. பிளேட்டோ ‘குடியரசு’ நூலில் அறிவை நாலு படியாக வகுத்தபோது பிஸ்டிஸைக் கீழிருந்து இரண்டாம் படியில் வைத்தார். கண்ணால் கண்ட பொருளை அப்படியே நம்புவதற்கு அங்கே அந்தப் பெயர். அரிஸ்டாட்டில் பேச்சுக்கலையைப் பற்றி எழுதியபோது, கேட்பவரை இணங்கவைக்கும் சான்றுகளுக்கு இந்தப் பெயரைக் கொடுத்தார். பேசுகிறவரின் குணம், கேட்கிறவரின் மனநிலை, பேச்சில் உள்ள வாதம் ஆகிய மூன்றில், குணத்தையே ஏறக்குறைய எல்லாவற்றிலும் வலுவானதாகக் கருதினார். எனக்கு அரிஸ்டாட்டில் பக்கம்தான் சரியென்று படுகிறது. பாசியனின் மேசையை அவர் பார்த்திருக்கிறார் என்று தோன்றுகிறது. இன்னும் சில நூற்றாண்டு கழித்துப் பவுலின் கடிதங்களுக்குள் இதே சொல் புகுந்தது. தமிழ் வேதாகமத்தில் விசுவாசம் என்று படிப்பது அதைத்தான். அதற்குத் தனிப் பகுதியே வேண்டும். இப்போது ரோமுக்குப் போகிறோம்.

ரோமானியர்களிடமும் இதற்கு இணையான சொல் இருந்தது: ‘ஃபீடெஸ்’. வேரும் ஒன்றே என்கிறார்கள் மொழியறிஞர்கள். கேப்பிட்டல் குன்றில் ஃபீடெஸுக்குக் கோயில் இருந்தது. இத்தாலியின் தென்முனையில் லோக்ரி என்ற கிரேக்க நகரம், மன்னர் பிர்ரஸுக்கும் ரோமுக்கும் நடந்த போரில் மாறி மாறிச் சாய்ந்துவிட்டுக் கடைசியில் ரோமிடம் வந்தது. கி.மு. 275 வாக்கில் அது ஒரு வெள்ளிக்காசு அடித்தது. ரோம் ஒரு பெண்ணாக உட்கார்ந்திருக்கிறாள். எதிரே நிற்கும் இன்னொரு பெண் அவள் தலையில் மாலை சூட்டுகிறாள். இருவர் பெயரும் காசில் கிரேக்க எழுத்தில் உள்ளன: ரோமா, பிஸ்டிஸ். லோக்ரி மக்கள் ஃபீடெஸைத் தங்கள் பிஸ்டிஸ் என்றே எடுத்துக்கொண்டார்கள். அப்படித்தான் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் காசைக் கூர்ந்து பாருங்கள்: ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், ஒருத்தி நிற்கிறாள். அதீனாவும் ஹெராவும் ஒரே உயரத்தில் நின்று கைபிடித்த கல்லிலிருந்து இது வெகுதூரம்.

அந்தத் தூரம் எவ்வளவென்று கி.மு. 191இல் தெரிந்தது. மத்திய கிரேக்கத்தின் எய்டோலியர் கூட்டமைப்பு முன்பு ரோமுக்குத் தோழனாக இருந்தது. கி.மு. 197இல் மாசிடோனிய மன்னர் ஃபிலிப்பை ரோம் தோற்கடித்தபோது பக்கத்தில் நின்று போரிட்டவர்கள் அவர்கள். வெற்றியில் தங்கள் பங்கு கிடைக்கவில்லை என்று குமைந்து, சிரியாவின் அந்தியோக்கஸ் மன்னரைக் கிரேக்கத்துக்கு அழைத்தார்கள். அவரோ தெர்மோபைலேயில் ரோமானிய கான்சல் மானியஸ் அசிலியஸ் கிளாப்ரியோவிடம் தோற்று ஆசியாவுக்கு ஓடிவிட்டார். அடுத்து ஹெராக்ளேயா நகரமும் வீழ்ந்தது. எய்டோலியர் சமாதானம் கேட்க முடிவு செய்தார்கள்.

கேட்டது ஒரு சொல்லின் வழியாக. ‘ரோமானியரின் பிஸ்டிஸில் எங்களை ஒப்படைக்கிறோம்’ என்று தீர்மானித்து, தலைவர் ஃபைனியாஸைத் தூது அனுப்பினார்கள். அந்தச் சொல் இருப்பதால் மன்னிப்பு எளிதாகக் கிடைக்கும் என்று நினைத்து ஏமாந்தார்கள் என்கிறார் வரலாற்றாசிரியர் பொலிபியஸ். கிரேக்கக் காதுக்கு அதில் ஒரு கொடுக்கல் வாங்கல் கேட்டது: நாங்கள் எங்களைத் தருகிறோம், நீங்கள் உங்கள் வாக்கைத் தாருங்கள். ரோமானிய வழக்கில் அது நிபந்தனையில்லாச் சரணாகதி. நகரம், வயல், நீர், எல்லை, கோயில், தட்டுமுட்டு வரை எல்லாவற்றையும் வென்றவரின் கையில் விட்டுவிடுவதாக அந்தச் சடங்கின் கேள்வி பதிலை லிவி தன் வரலாற்றில் பதிந்திருக்கிறார். விட்டவருக்குப் பிறகு பேச எதுவும் இல்லை. வென்றவர் இரக்கம் காட்டினால் அது அவர் பெருந்தன்மை.

ஃபைனியாஸ் தங்கள் தரப்பைச் சொல்லி முடித்தார். அப்படியா, இதுதான் உங்கள் முடிவா என்று கிளாப்ரியோ கேட்டார். ஆம் என்றார்கள். உடனே கட்டளைகள் வந்தன. எய்டோலியர் எவரும் ஆசியாவுக்குப் போகக்கூடாது. தங்களில் ஒருவரான டிக்கயார்க்கஸையும், உதவிக்கு வந்த எபிரஸ் நாட்டு மெனெஸ்ட்ராட்டஸையும், அதமானியரின் மன்னர் அமினாண்டரையும் பிடித்துக் கொடுக்கவேண்டும். நம்பி வந்தவர்களைக் கையளிப்பதா? ஃபைனியாஸ் இடைமறித்து, இது நியாயமும் இல்லை, கிரேக்க மரபும் இல்லை என்றார்.

கிளாப்ரியோ கோபப்பட்டதைவிட, அவர்கள் நிலை என்னவென்று உணர்த்தவே விரும்பினார் என்று பொலிபியஸ் எழுதுகிறார். சரணடைந்த பிறகும் கிரேக்க முறைமை பேசுகிறீர்களா, நினைத்தால் உங்கள் எல்லோரையும் விலங்கிடுவேன் என்றார். சங்கிலியைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொருவர் கழுத்திலும் இரும்புப் பட்டை மாட்டச் சொன்னார். தூதுவர்களின் உடலும் பேச்சும் உறைந்துபோயின. கூட இருந்த லூசியஸ் வலேரியஸ் ஃபிளாக்கஸும் மற்ற அதிகாரிகளும், இவர்கள் தூதுவர்கள் ஆயிற்றே என்று மன்றாடித்தான் கிளாப்ரியோவைத் தணித்தார்கள். மக்களின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லிப் பத்து நாள் தவணை வாங்கிக்கொண்டு ஃபைனியாஸ் திரும்பினார். நடந்ததைக் கேட்ட எய்டோலிய மக்கள் கொதித்துப்போய், அதைப் பற்றிப் பேசக்கூட அவைக்கு வரவில்லை. போர் தொடர்ந்தது.

இது வெறும் மொழிபெயர்ப்புப் பிழைதானா, கிளாப்ரியோவின் தனிப்பட்ட முரட்டுத்தனமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அகராதி இருந்திருந்தால் தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிஸ்டிஸ் நிற்க இரண்டு கைகள் வேண்டும். எய்டோலியர் கொடுக்க வந்தார்கள். எதிரில் இருந்தவருக்குப் பதிலுக்குக் கொடுக்கவேண்டிய தேவை இல்லை. ஆற்றங்கரையில் மாக்ரோன்களும் கிரேக்கர்களும் ஒருவருக்கொருவர் பயந்திருந்தார்கள்; அதனால்தான் அங்கே ஈட்டி இரண்டு பக்கமும் போனது.

கி.மு. 189இல் சமாதானம் வந்தது. எய்டோலியர் 200 தாலந்து வெள்ளியை உடனேயும், 300 தாலந்தை ஆறு ஆண்டுத் தவணையிலும் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு வயதுக்குக் குறையாத, நாற்பதுக்கு மேற்படாத 40 பேரைப் பிணையாக ரோமுக்கு அனுப்பவேண்டும். ரோம் பதிலுக்கு யாரையும் பிணையாக அனுப்பவில்லை.

இதையெல்லாம் நமக்கு எழுதிவைத்த பொலிபியஸ் மெகலோபொலிஸ் ஊர்க்காரர். அக்கேயக் கூட்டமைப்பைச் சேர்ந்தவர். அந்தக் கூட்டமைப்பு ரோமின் தோழன். ஆனாலும் கி.மு. 167இல் அதன் முன்னணி மனிதர்கள் 1,000 பேரை, விசாரிக்கவேண்டும் என்று சொல்லி ரோமானியர் இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். பொலிபியஸும் அவர்களில் ஒருவர். பதினேழாம் ஆண்டில் விடும் வரை விசாரணை நடக்கவேயில்லை. உயிரோடு ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ 300 பேர்.